யூவியைட்டிஸுக்கு மெத்தோட்ரெக்சேட்: மாதக்கணக்கில் எடுக்கும்போது தெரியவருபவை

யூவியைட்டிஸ், அதாவது கண்ணுக்குள் வரும் அழற்சி, வந்த கண்ணை முதலில் அடக்குவது ஸ்டீராய்டுதான். ஆனால் அதையே வருடக்கணக்கில் ஓட்டினால் கண் பிரஷர் ஏறும், புரை விழும். மாத்திரையாகப் போனால் சர்க்கரையும் எலும்பும் அடிவாங்கும். அந்த ஸ்டீராய்டைக் குறைக்கத்தான் நோய் எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் அடக்கும் மெத்தோட்ரெக்சேட்.

இது வேலை காட்ட 6 முதல் 12 வாரம் ஆகும். முதல் மாதம் ஒன்றுமே தெரியாது. 'கேட்கவில்லை' என்று அப்போதே நிறுத்துவது அவசரம்.

வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தினமும் போட்டால் வாய்ப்புண், ரத்த அணுக்கள் சரிவு, உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2.5 மி.கி., 10 மி.கி. என மாத்திரை பல அளவில் வருகிறது, வாரத்துக்கு 25 மி.கி. என்றால் 2.5-இல் பத்து மாத்திரை. கடையில் வேறு அளவு கொடுத்தால் எண்ணிக்கை தலைகீழாகிவிடும், அட்டையை ஒவ்வொரு முறையும் பாருங்கள். பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் அமிலம் (ஒரு வைட்டமின்) வேறு நாளில். குமட்டல் இருந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எடுப்பது பலருக்கு ஒத்துவருகிறது. அப்படியும் தாங்கவில்லை என்றால் தோலுக்கடியில் ஊசியாகப் போடலாம். கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் கூடவே கூடாது. மது வேண்டாம். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியாட்டினின் (சிறுநீரகம்) பரிசோதனை ஆரம்பத்தில் அடிக்கடி, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

பலன் எப்படி? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உட்படப் பல நாட்டு மையங்களில் நடந்து 2019-இல் வெளியான ஃபாஸ்ட் ஆய்வில் 216 பேர். ஆறு மாதத்தில் மெத்தோட்ரெக்சேட் குழுவில் சுமார் 67 சதவீதம், இதே வேலைக்கான மற்றொரு மருந்தான மைக்கோஃபினோலேட் குழுவில் 57 சதவீதம் பேருக்குக் கண் அடங்கியது. புள்ளிவிவரப்படி இது பெரிய வித்தியாசமில்லை. ஆனால் விலையில் மெத்தோட்ரெக்சேட் எங்கோ கீழே நிற்கிறது. மூன்றில் ஒருவருக்குப் போதவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அவர்களுக்கு அடுத்தது பெரும்பாலும் அடாலிமுமாப் என்ற ஊசி. முதலில் 80 மி.கி., ஒரு வாரம் கழித்து 40, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று. அதற்கு முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம். உறங்கிக் கிடக்கும் காசநோயை இது எழுப்பிவிடும். ஊசியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். உறைந்துபோனதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

சொட்டு மருந்தில்தான் அதிகம் சறுக்குகிறது. பிரெட்னிசோலோன் அசிட்டேட் என்ற ஸ்டீராய்டு சொட்டு பால் போன்ற கலவை, மருந்து அடியில் படியும்; குலுக்காமல் விட்டால் வெறும் நீர்தான் கண்ணுக்குப் போகும். ஒரு சொட்டு போதும், அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. சிவப்பு போனதும் சொட்டைத் தாமாக நிறுத்துபவர்களில் பலருக்கு நோய் திரும்ப வருகிறது. வெளியே வெள்ளையாகத் தெரியும் கண்ணுக்குள் அழற்சி செல்கள் மிதக்கலாம். அது ஸ்லிட் லாம்ப்பில் (கண் டாக்டர் பார்க்கும் நுண்ணோக்கியில்) மட்டுமே தெரியும். புரை அறுவைக்கும் கண் மூன்று மாதமாவது அமைதியாக இருந்திருக்க வேண்டும் என்பது வழக்கம்.