எங்கள் காலேஜ் கம்ப்யூட்டர் லேப்: மூன்று வருஷம் உட்கார்ந்து பார்த்தவள் எழுதுகிறேன்

முதல் வருஷத்தில் மெஷினை ஆன் பண்ணிவிட்டு நோட்டைத் திறந்து வைத்துக்கொள்வோம். டெஸ்க்டாப் வருவதற்குள் ரெக்கார்டில் ஒரு பக்கம் எழுதி முடித்துவிடலாம். போன வருஷம் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி மாட்டினார்கள். அதே மெஷின், அதே 8 ஜிபி ராம். இப்போது உட்கார்ந்ததுமே வேலையைத் தொடங்கலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தபோது, விண்டோஸ் 11-ஐ ஏற்காத மெஷின்களை ஓரங்கட்டாமல், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுக் கொடுத்தது ரொம்ப நல்ல முடிவு. பைத்தான், சி, லிப்ரே ஆபிஸ் எல்லாம் அதில் அருமையாக ஓடுகின்றன.

ஹாஸ்டல் வைஃபைதான் வேதனை. வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (ரவுட்டர் சிக்னல் அனுப்பும் பாதைகள்) 1, 6, 11 என்று மூன்றுதான். எங்கள் மாடியில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரவுட்டர்களும் 6-லேயே நிற்கின்றன; போனில் ஆப் போட்டு நானே பார்த்தேன். ராத்திரி எல்லோரும் நெட்டைத் திறக்கும் நேரத்தில் அசைன்மென்ட் 97 சதவீதம் ஏறி அப்படியே நின்றுவிடும். திரும்ப முதலிலிருந்து. ஒருநாள் என் ரூம்மேட் அழுதே விட்டாள். இதைச் சரிசெய்யப் பணமே வேண்டாம், ரவுட்டர் செட்டிங்கில் ஆளுக்கொரு சேனலாக மாற்றினால் போதும். எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் மாற்றவில்லை.

லேபை ஐந்து மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். சொந்த லேப்டாப் இல்லாதவர்களுக்கு கிளாஸ் முடிந்த பிறகுதானே நேரம் கிடைக்கும்? தயவுசெய்து எட்டு மணி வரையாவது திறந்து வையுங்கள்.