அத்திப்பட்டுப் பனந்தோப்பில் ஆறு மணிப் பதநீர்

ஆறு மணிக்கெல்லாம் தோப்பில் இருங்கள். ஏழரைக்குப் போனாலும் பதநீர் கிடைக்கும், ஆனால் அது வேறு பதநீர். எட்டரைக்குப் போனால் அது அடுப்பில் கொதிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

நான் தண்டையார்பேட்டையில் பதினெட்டு வருஷமாகச் சர்பத் கடை வைத்திருக்கிறேன். நன்னாரி வேரைத் தட்டி ஊறவைத்து, பாகு காய்ச்சி, எல்லாம் என் கையாலேயே செய்கிறேன். எது சர்க்கரை, எது சாக்கரின், எது எசென்ஸ் என்று நாக்கு உடனே சொல்லிவிடும். அதனாலேயே கோடையில் ரோட்டோரம் பானை வைத்து விற்கும் பதநீரைப் பல வருஷமாகத் தொடுவதில்லை. கடைசியாக ஒரு வண்டிக்காரரிடம் வாங்கியது வெறும் தண்ணீரும் சாக்கரினும் கொஞ்சம் சுண்ணாம்பும்தான். அடித்தொண்டையில் அந்தக் கசப்பு மத்தியானம் வரைக்கும் இருந்தது.

இந்தத் தோப்புக்குப் போனதற்குக் காரணம் என் தம்பி. அவன் இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறான். ஏப்ரலில் லீவில் வந்தபோது அங்கே கூட வேலை செய்பவர்கள் ஓர் ஆப்பிள் தோப்புக்குக் கூட்டிப்போன கதையைச் சொன்னான். "மரத்தடியிலயே மேசை போட்டு, சின்னச் சின்ன கிளாஸ்ல நாலு வகை சைடர், அதான் புளிக்கவெச்ச ஆப்பிள் சாறு, ஊத்திக் குடுக்கிறாங்கக்கா. எந்த ஆப்பிள், எத்தனை மாசம் பீப்பாய்ல இருந்துச்சு, எல்லாம் சொல்றாங்க. கடைசியா அதையே காய்ச்சி வடிச்ச பிராந்தி ஒரு சொட்டு." அந்த ஆப்பிளைக் கடித்துத் தின்ன முடியாதாம், அவ்வளவு துவர்ப்பு. சைடருக்கென்றே வளர்க்கிற ஜாதி. எல்லாம் சொல்லிவிட்டு, "நம்ம ஊர்ல இப்படி ஒண்ணும் இல்லையேக்கா" என்றான். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. மீன் கொண்டுவரும் அம்மாவிடம் விசாரித்ததில், அத்திப்பட்டில் ஒரு பெரியவர் தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பனை ஏறுகிறார், பதநீரை இறக்கிய இடத்திலேயே கொடுக்கிறார் என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தோம். திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு. அந்த நேரத்துக்கு ஷேர் ஆட்டோ இல்லை, இருபது நிமிஷம் நடந்தோம். தோப்புக்குப் பேர்ப்பலகை கிடையாது. கைவிட்ட உப்பளத்தை ஒட்டி நாற்பது ஐம்பது பனை நிற்கிறது, அவற்றுக்கு மேலே வட சென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிகின்றன. இங்கே இன்னும் பனை நிற்கிறதே என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

பெரியவர் விழுப்புரம் பக்கத்துக்காரர். தையில் வந்தால் ஆடியில்தான் ஊருக்குத் திரும்புவார். நாங்கள் போனபோது எட்டாவது மரத்தில் இருந்தார். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி, இறங்கும்போது தோளில் இரண்டு கலயம். கீழே அவர் மனைவி பானையின் வாயில் பன்னாடையை விரித்து, ஒவ்வொரு கலயமாக அதில் ஊற்றி வடிகட்டினார். எங்கள் தெருவில் பன்னாடை என்பது வசவுச்சொல். அது மட்டையின் அடியில் வலைபோல விரியும் நார் என்பதும், எறும்பையும் பூவையும் தும்பையும் தடுத்துத் தெளிவை மட்டும் கீழே விடுகிறது என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உக்காருங்கம்மா, ஒவ்வொண்ணா தரேன்" என்றார் பெரியவர். உட்காரத்தான் இடம் இல்லை. மட்டைக் குவியல்மேல் தம்பி உட்கார்ந்தான், நான் நின்றேன்.

முதலில் ஆண்பனையின் பதநீர். பச்சை ஓலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றினார். வாயருகே கொண்டுபோனதுமே ஈர மண்ணும் ஓலையும் கலந்த வாசனை. முதல் மடக்கில் நாக்கின் ஓரத்தில் சுண்ணாம்பு மெல்லப் பிடித்தது, இனிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. சர்க்கரைப் பாகு குடித்தால் உதடு ஒட்டும். இதில் அந்தப் பிசுபிசுப்பே இல்லை, தொண்டையில் இறங்கியதும் வாய் சுத்தமாகிவிடுகிறது. அடுத்து பெண்பனையிலிருந்து. அது கொஞ்சம் கனமாக, இளநுங்கின் வாசம் பின்னால் வருவதுபோல எனக்குப் பட்டது. தம்பிக்கு இரண்டும் ஒன்றுதான். பெரியவர் என் பக்கம்: "மரத்துக்கு மரம் ருசி மாறும் தாயி. மொத்தமா ஒரே பானையில கலந்துட்டா யாருக்குத் தெரியும்?"

மூன்றாவதை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். பட்டையில் பச்சை மாங்காயை மெல்லிசாக நறுக்கிப் போட்டு, அதன்மேல் பதநீர் ஊற்றி, இரண்டு நிமிஷம் வைத்துக் கொடுத்தார். மாங்காயின் புளிப்பு சுண்ணாம்பின் காரத்தை அடக்கிவிடுகிறது. இனிப்பும் புளிப்பும் தனித்தனியாக நின்று, கடைசியில் அந்தத் துண்டைக் கடிக்கும்போது ஒன்றாகின்றன. சர்பத்தில் எலுமிச்சையை எவ்வளவு பிழிய வேண்டும் என்று பதினெட்டு வருஷம் கைப்பழக்கத்தில் படித்ததை, இந்த மனிதர் ஒரு மாங்காய்த் துண்டில் முடித்துவிட்டார்.

நான்காவது, அடுப்பிலிருந்து கரண்டியில் எடுத்த பாதி காய்ந்த பதநீர். சுடச்சுடப் பழுப்பாக, புகை வாசனையோடு. ஒரு கரண்டிக்கு மேல் முடியாது, ஆனால் அந்த ஒன்றைத் தவறவிடாதீர்கள்.

கைப்பையில் மஞ்சள்தூள் பொட்டலம் எடுத்துப் போயிருந்தேன். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும், ஆரத்தி கரைக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தேன், செங்கல் நிறமாகிவிட்டது. பெரியவர் சிரித்துக்கொண்டே, "நல்லா பாருங்க" என்றார். ஒன்று சொல்லவேண்டும். மஞ்சள் சிவப்பது சுண்ணாம்பு இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும், சாக்கரின் தண்ணீரில் சுண்ணாம்பு கரைத்தாலும் சிவக்கும். மீதியை நாக்குதான் சொல்லவேண்டும்.

சுண்ணாம்பைப் பற்றிக் கேட்டபோதுதான் பெரியவர் நிறையப் பேசினார். பாளையைக் கடிப்பு என்கிற இடுக்கியால் இடுக்கி இடுக்கிப் பதப்படுத்திவிட்டு, நாள் தவறாமல் காலையும் மாலையும் ஏறி நுனியை ஒரு நூல் அளவு சீவுகிறார். சீவிய இடத்திலிருந்து இரவெல்லாம் சொட்டுகிறது. அப்படிச் சொட்டும்போதே காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டும் மற்ற நுண்ணுயிர்களும் அதன் சர்க்கரையில் வேலையைத் தொடங்கிவிடும். யாரும் எதுவும் சேர்க்காமலே, மரத்தை விட்டு இறங்குமுன்பே கள்ளாகத் தொடங்கும். அதைத் தடுப்பது கலயத்தின் உட்புறம் பூசும் சுண்ணாம்பு. இவர் பூசுவது பழவேற்காட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. குறைந்தால் புளிக்கும், கூடினால் நாக்கு வெந்துவிடும். வெயில் ஏற ஏற அளவு மாறும், பங்குனியில் பூசுவது சித்திரைக்குப் போதாது என்கிறார். இருபத்திரண்டு மரத்துக் கலயங்களையும் தினமும் கழுவி, புகை காட்டி, மறுபடி பூசுகிறார்.

தம்பி அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அங்க ஆப்பிள் சாறு புளிக்கணும்னு மாசக்கணக்கா காத்திருக்காங்க, இங்க புளிக்கக் கூடாதுன்னு ராத்திரியோட மல்லுக்கட்டுறாங்க" என்றான். அங்கே ருசி பார்க்கக் கொடுத்த நாலு கிளாஸைவிட இங்கே வேலை அதிகம் என்று அவனே ஒப்புக்கொண்டதில் எனக்கு மனசு நிறைந்தது.

பிறகு அவன் மெதுவாக, சுண்ணாம்பு போடாத கலயம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். பெரியவர் முகம் மாறிவிட்டது. "சுண்ணாம்பு இல்லாத கலயம் இந்தத் தோப்புல மேல ஏறாது தம்பி. கேக்காதீங்க." கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் அதற்கு மேல் பேச்சில்லை. இந்த ஒரு பதிலுக்காகவே அவரிடம் எனக்கு மரியாதை கூடியது. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், கள்ளுக்கடை திறந்திருந்த அந்த ஐந்தாறு வருஷம் சாயங்காலம் அவர் சட்டையில் வந்த புளித்த வாசனை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடை மூடியதும் அவர் குடியை நிறுத்தவில்லை, வேறு குடித்தார், அதில்தான் போனார். கள்ளைத் திறக்கவேண்டும் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பனையேறிக்கு வருமானம் வேண்டாமா? யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளைப் புட்டியில் அடைத்தே விற்கிறார்கள் என்று புழல் இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் என் சிநேகிதி சொல்வாள். ஆனால் சட்டம் இருக்கிறவரை, இவர்மேல் ஒரு வழக்கு விழுந்தால் இந்தத் தோப்பே போய்விடும். போகிறவர்கள் தயவுசெய்து அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

விலைக்கு வருகிறேன். ஒரு பட்டை முப்பது ரூபாய், லிட்டர் எண்பது. மாங்காய்க்குத் தனியாக வாங்கவில்லை. கருப்பட்டி கிலோ அறுநூறு. அதிகம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். எட்டு, ஒன்பது லிட்டர் பதநீரைக் காய்ச்சினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. அந்தப் பதநீரை லிட்டராக விற்றாலே அறுநூற்று நாற்பதுக்கு மேல் வரும். விற்காமல் மிஞ்சியது கெட்டுப்போகும் என்பதால்தான் காய்ச்சுகிறார்கள், அதற்கு விறகும் நாலு மணி நேர வேலையும் வேறு. அப்படியிருக்க கடையில் கிலோ இருநூற்று ஐம்பதுக்குக் கருப்பட்டி எங்கிருந்து வரும்? அதில் பாதிக்கு மேல் வெள்ளைச் சர்க்கரையாகத்தான் இருக்கவேண்டும். இவர்களுடையது கொட்டாங்கச்சியில் ஊற்றி எடுத்தது, உடைத்தால் உள்ளே ஈரமாகக் கறுத்து, வாயில் மெதுவாகக் கரைகிறது. ஆனால் ஒன்று, சர்க்கரை நோய்க்காரர்களுக்குக் கருப்பட்டியும் பதநீரும் ஒன்றும் செய்யாது என்று சொல்வதை நம்பாதீர்கள். பதநீரில் இருப்பதும் கரும்புச் சர்க்கரையில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். என் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அரை டம்ளருக்கு மேல் நான் கொடுப்பதில்லை.

குறைகளும் இருக்கின்றன. பெண்களுக்குக் கழிப்பிடம் எதுவும் இல்லை, ரயில் நிலையத்தை விட்டால் வழி கிடையாது. பட்டை தீர்ந்துவிட்டால் எவர்சில்வர் டம்ளரில் கொடுக்கிறார்கள், எல்லாவற்றையும் ஒரே பக்கெட் தண்ணீரில் அலசுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, சொன்னேன், அந்த அம்மா உடனே தண்ணீரை மாற்றினார். எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது, அறுபது தாண்டிய மனிதர் இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லாமல் அவ்வளவு உயரம் ஏறி இறங்குவது. பாதுகாப்புக் கயிறு வாங்கித் தருகிறேன் என்றான் தம்பி. பழகாத கயிறு மரத்தில் சிக்கும் என்று மறுத்துவிட்டார். அவர் மகன் ஏறுவதில்லை, கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை. 2021-இல் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். ஏறுவதற்கு ஆள் வேண்டுமே.

வாங்கிப் போகிறவர்களுக்கு: பாட்டிலை முக்கால் மட்டுமே நிரப்புங்கள், மூடியை இறுக்காதீர்கள். நாங்கள் இரண்டு லிட்டர் வாங்கினோம். திருவொற்றியூர் வரும்போதே வெயில் பட்டு மூடியடியில் லேசாகச் சீறத் தொடங்கிவிட்டது. அதுவரை சுண்ணாம்பு தாங்கியதே பெரிது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு அரை டம்ளர் ஊற்றினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, நெசமாவே மரத்துலருந்து எறக்குனதா?" என்று கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். மிச்சத்தை அப்படியே அடுப்பில் ஏற்றிச் சுக்கு தட்டிப்போட்டுக் காய்ச்சிவிட்டேன்.

சில்லறையாகப் பணம் எடுத்துப் போங்கள், அங்கே போனில் பணம் அனுப்பச் சரியாக சிக்னல் கிடைப்பதில்லை. வைகாசி வரை பதநீர் நன்றாக இருக்கும், நுங்கும் வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி திரும்பிப் போய்விட்டான். வருகிற ஞாயிறு அம்மா வருகிறேன் என்கிறாள், அவளுக்காக ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போகவேண்டும்.