எக்ஸ்பாத்தா, எக்ஸ்பாயின்டரா?

எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களால் உரையைக் கட்டமைக்கும் மொழி) ஆவணத்தில் ஓர் உறுப்பையோ அதன் பண்பையோ சுட்டுவதற்கு, 1999 நவம்பரில் இணையத் தர அமைப்பான W3C-இன் பரிந்துரையாக வெளியான எக்ஸ்பாத் 1.0 என்னும் சுட்டுமொழி போதுமானது. ஆனால் அது சுட்டுவது உறுப்பு, பண்பு, உரை போன்ற முழு அலகுகளான கணுக்களைத்தான். ஒரு பத்தியின் நடுவில் தொடங்கி அடுத்த பத்தியின் நடுவில் முடியும் பகுதியைக் காட்ட அதற்கு வழியில்லை. இந்தக் குறையைத் தீர்க்கவே, எக்ஸ்பாத்தின் மீது கட்டப்பட்ட எக்ஸ்பாயின்டர், இரண்டு எழுத்துகளுக்கு இடையிலுள்ள ‘புள்ளி’, இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட ‘வீச்சு’ என்னும் கருத்துகளைச் சேர்த்தது. வடிவமைப்பில் இதுவே மேலானது. எனினும் 2003 மார்ச்சில் அதன் சட்டகமும் எளிய பகுதிகளும் மட்டுமே பரிந்துரை நிலையை எட்டின. வீச்சுகளைக் கையாளும் பகுதி வரைவாகவே நின்றுவிட்டது. ஆகவே, கணுவை எக்ஸ்பாத்தால் சுட்டி, எழுத்து எண்ணிக்கையைத் தனியே குறித்துக்கொள்வதையே நான் தேர்வேன். ஆவணம் திருத்தப்பட்டால் அந்த எண்ணிக்கை பிசகும் என்பது உண்மைதான், ஆனால் எக்ஸ்பாயின்டரிலும் அதே சிக்கல் உண்டு.