அரிய சொல்லுக்கு ஓர் அஞ்சலட்டை: சில ஆண்டுகள் ஆடிப் பார்த்த அனுபவம்

அதிகம் புழங்காத ஒரு சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அது மனதில் எழுப்பும் காட்சியை அஞ்சலட்டையில் கையால் வரைந்து, முன்பின் அறியாத ஒருவருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அதே சொல்லுக்கு அவர் வரைந்தது நமக்கு வரும். சில ஆண்டுகளாக இதை விடாமல் செய்துவருகிறேன். ஒரு சொல்லோடு நெருங்கிப் பழக இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

எல்லாம் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் நேரே ஞகர வரிசைக்குப் போவார்கள். ஞிமிறு, ஞமலி, ஞெள்ளல் எல்லாம் முதல் சில சுற்றுகளிலேயே தீர்ந்துவிடும். பார்க்க வியப்பாக இருந்தாலும் பொருள் தெரிந்ததும் வண்டையும் நாயையும் தெருவையும்தான் வரைவோம். படம் அழகாக இருக்கும், சொல் நெஞ்சில் தங்காது. நமக்கு நன்றாகத் தெரிந்த சொல், நாம் மறந்துபோன பொருள்: இந்தச் சேர்க்கைதான் அட்டைக்கு உயிர் தருகிறது. கவலை என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் கிளை பிரியும் பாதை என்றும் பொருள் உண்டு. அந்தச் சுற்றில் எனக்கு வந்த அட்டையில் ஓர் உள்ளங்கை மட்டும் இருந்தது. ரேகை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஓர் எறும்பு நின்றுகொண்டிருந்தது. வேறு எதுவும் இல்லை. எந்த உரையாசிரியரின் விளக்கமும் எனக்கு அந்தச் சொல்லை இவ்வளவு துல்லியமாகக் காட்டியதில்லை. செம்மலும் அப்படித்தான். பெருமைக்குரியவரைக் குறிக்கும் அதே சொல் வாடிய பழம்பூவையும் குறிக்கும். இரண்டையும் ஒரே முகத்தில் கொண்டுவர முடியுமா என்று நாள் கணக்கில் யோசித்திருக்கிறேன், யோசித்த நேரமெல்லாம் இன்பம்தான்.

இப்படிப்பட்ட சொற்களுக்கு நான் நம்பியிருப்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம். ஒரு சொல்லுக்குக் கொடுத்திருக்கும் முதல் பொருளைத் தாண்டி மூன்றாவது, நான்காவது பொருளைப் படியுங்கள். அட்டைக்கான சரக்கு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பிறமொழிச் சொற்களோடு ஆடும்போது அந்தச் சொல் பிறந்த கதை கைகொடுக்கும். காய்ந்த மண்ணில் மழை விழுந்ததும் எழும் வாசனைக்கு ‘பெட்ரிகோர்’ என்று 1964-ல் பெயர் வைத்தவர்கள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள். கிரேக்கத்தில் ‘பெட்ரா’ என்றால் கல், ‘இகோர்’ என்றால் தேவர்களின் நாளங்களில் ஓடும் குருதி. மழையையே வரையாமல், பிளந்த பாறையில் பொன்னிறமாய் ஊறும் ஒரு நாளத்தை மட்டும் வரைந்தாலும் போதும்.

பொருளை எப்போதும் பின்பக்கத்தில்தான் எழுத வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். படத்தை முதலில் பார்த்து, என்னவாக இருக்கும் என்று எதிராளி தவிக்க வேண்டும். முகவரிப் பக்கத்தின் இடது பாதியில் செய்தி எழுதும் வழக்கம் முதலிலிருந்தே இருந்ததல்ல. ஆஸ்திரிய-ஹங்கேரி 1869-ல் வெளியிட்ட முதல் அஞ்சலட்டையில் ஒரு பக்கம் முழுக்க முகவரிக்குத்தான். படஅட்டைகள் வந்தபோதும் இதே விதிதான், செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதினார்கள். 1902-ல் பிரிட்டன் அந்தப் பக்கத்தை இரண்டாகப் பிரிக்க அனுமதித்தது, பிற நாடுகளும் அடுத்தடுத்து அதைப் பின்பற்றின. நம் விளையாட்டுக்கு அந்தப் பாதிப் பக்கம் அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கிறது. சொல், பொருள், ஏன் இப்படி வரைந்தேன் என்று இரண்டு வரி. அதற்கு மேல் இடமும் இல்லை, தேவையும் இல்லை.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) வாட்டர்கலர் தாளாக இருந்தால் வழியில் மடங்காது. ஏ6 அளவு, அதாவது 105 x 148 மில்லிமீட்டர், வசதியானது. பல ஜெல் பேனாக்களின் மை ஈரம் பட்டால் கலைந்துவிடும், முகவரிக்குப் பால்பாயிண்ட் பேனாவோ நீரில் கரையாத பிக்மென்ட் மையோ நல்லது. துணி, பொத்தான், மினுமினுப்புத் தூள் எதையும் ஒட்டாதீர்கள், தபால்களைப் பிரிக்கும் இயந்திரத்தில் சிக்கும். முகவரிப் பக்கத்தின் அடியோரத்தைக் காலியாக விடுங்கள், பல நாடுகளில் இயந்திரம் அங்கேதான் பார்கோடு அச்சிடுகிறது. உறைக்குள் போட்டு அனுப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முத்திரை குத்தி, ஓரம் மழுங்கி, பல கைகள் மாறி வந்த அட்டைதான் முழுமையான அட்டை.

குறைகளும் உண்டு. சில அட்டைகள் போய்ச் சேர்வதே இல்லை. அதனால் ஒவ்வொன்றையும் அனுப்பும் முன் இருபக்கமும் படமெடுத்து வைக்கிறேன். வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பாதவர்களும் இருக்கிறார்கள், அது வருத்தமாகத்தான் இருக்கிறது. வீட்டு முகவரியை அந்நியருக்குத் தர விருப்பமில்லை என்றால் அஞ்சல் பெட்டி எண் எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. வாரக்கணக்கில் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தொடங்க ஒரு பெரிய குழு வேண்டியதில்லை. இரண்டு பேர் ஒரு சொல்லையும் அனுப்பும் தேதியையும் பேசி வைத்துக்கொண்டால் போதும். அட்டை கைக்கு வரும்வரை என்ன வரைந்தீர்கள் என்று மட்டும் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளாதீர்கள்.