ஃபோர்க்லிஃப்ட்ல ஆன்டி கொலிஷன் சிஸ்டம்: ரெண்டு வருஷம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

எங்க குடோன் ஒரகடம் பக்கம், கார் பார்ட்ஸ் வச்சு அனுப்புறதுதான் வேலை. 6 கவுன்டர்பேலன்ஸ் வண்டி, அதாவது பின்னாடி வெயிட் வச்ச சாதா ஃபோர்க்லிஃப்ட், எல்லாமே எலக்ட்ரிக், உயரமான ரேக்குல சரக்கு எடுக்கற 3 ரீச் ட்ரக், அதுபோக சரக்கு அடுக்குற பலகைய, அதாவது பேலட்ட, கையால இழுக்குற பேலட் ட்ரக் எத்தனைன்னு எனக்கே கணக்கு தெரியாது, எதாவது ஒன்னு எப்பவும் ரேக்குக்கு அடியில கெடக்கும். நான் ஷிஃப்ட் இன்சார்ஜ். வண்டி ஆளு மேல மோதாம தடுக்கற இந்த சிஸ்டம் போட்டு ரெண்டு வருஷம் தாண்டிருச்சு, வாங்கலாமான்னு நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு ஒரேடியா எழுதிடறேன்.

போட்டதுக்கு காரணம் ஒரு நியர் மிஸ், அதாவது நூலிழைல தப்பின விபத்து. ஆர்டருக்கு சரக்கு எடுக்கற பிக்கிங் பையன் ஒருத்தன் கைல அட்டப்பெட்டியோட ஐல் முனையில இருந்து, அதாவது ரெண்டு ரேக்குக்கு நடுவுல இருக்கற சந்து முனையில இருந்து, வெளிய வர்றான், அதே நேரம் வண்டி ரிவர்ஸ்ல வருது. பையனுக்கு ஒன்னும் ஆகல, பெட்டி மட்டும் அப்பளமாயிடுச்சு. 2.5 டன் தூக்குற வண்டி தானே கிட்டத்தட்ட 4 டன் வெயிட், பெட்டிக்கு பதிலா அவன் முட்டி இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு அன்னைக்கு நைட் எனக்கு தூக்கமே வரல. மறுநாள் மேனேஜர் கேட்டாரு, ப்ளூ லைட் இருந்துச்சே அப்புறம் எப்படின்னு. இருந்துச்சு சார், வண்டிக்கு முன்னாடி பின்னாடி தரையில நீலப் பொட்டு விழும், முதல் ஒரு மாசம் எல்லாரும் பார்த்தாங்க, அப்புறம் அது கோலம் மாதிரி ஆயிடுச்சு, யாரும் பாக்கறதில்ல. லாரில சரக்கு ஏத்தி இறக்குற டாக் பக்கம் ஷட்டர் தொறந்து வெயில் உள்ள அடிச்சா பொட்டு இருக்கறதே தெரியாது.

அதனால டேக் சிஸ்டம். வண்டியில ஆன்டெனா, ஆளுங்க கிட்ட ஆளுக்கொரு டேக், அதாவது சிக்னல் அனுப்புற சின்ன கருவி, யூடபிள்யூபின்னு (அல்ட்ரா வைட்பேண்ட்) சொல்ற ரேடியோல ரெண்டும் பேசிக்கும். சிக்னல் போய்ட்டு வர்ற நேரத்த வச்சு தூரம் கணக்கு போடுது, ஒரு நானோ செகண்டுக்கு சிக்னல் 30 செ.மீ. போகும், அதனால கணக்கு ஓரளவுக்கு கரெக்டாவே வரும். ஆளு கிட்ட வந்தா வண்டியில பஸ்ஸர் அடிக்கும், ஆளோட டேக்கும் அதிரும். கேமரா மாதிரி நேரா கண்ணுல படணும்னு அவசியம் இல்ல, ஐல் முனைக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனையும் புடிச்சிடும். டெமோல இதத்தான் காட்டினாங்க, நாங்களும் அதுக்குத்தான் மயங்கினோம்.

ஆனா முதல் மாசம் நரகம். ஐல் முனைக்கு அந்தப் பக்கம் இருக்கறவன புடிக்குதுன்னா ரேக்குக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனையும் புடிக்கும்ல, அத யாரும் யோசிக்கல. பக்கத்து ஐல்ல ஒருத்தன் லேபிள் ஒட்டிட்டு இருப்பான், இந்த ஐல்ல வண்டி போகும், நடுவுல ரேக்கு ஃபுல்லா சரக்கு, மோதவே வழியில்ல, ஆனாலும் கத்தும். ஆபீஸ் சுவத்துக்கு உள்ள உக்காந்திருக்கற பில்லிங் பொண்ணு டேக்குக்கும் கத்தும். எங்ககிட்ட இருக்கறதுலயே சீனியர் ஆபரேட்டர், என்னவிட 20 வயசு பெரியவரு, வண்டிய நிறுத்திட்டு இறங்கி வந்து, "தம்பி, இது கத்துறது எனக்கா அவனுக்கா, யாரப் பாத்துக் கத்துதுன்னாவது சொல்லச் சொல்லு"ன்னாரு. எனக்கு பதில் இல்ல. ரெண்டு நாள் கழிச்சு பாத்தா 4ஆம் நம்பர் வண்டியில பஸ்ஸர் ஓட்டை மேல பிரவுன் டேப் மூணு சுத்து, அதுக்குள்ள மடிச்சு வச்ச கர்ச்சீஃப். யாரு பண்ணதுன்னு நான் கேக்கல. எட்டு மணி நேரம் அந்த சத்தத்துல உக்காந்தா நானும் அதத்தான் பண்ணியிருப்பேன்.

அப்புறம் சப்ளையர் ஆளு வந்து மூணு நாள் உக்காந்து செட்டிங் மாத்தினாரு, உண்மையா சிஸ்டம் வேலை செய்ய ஆரம்பிச்சது அதுக்கு அப்புறம்தான். சைடு பக்கம் தூரத்த நல்லா சுருக்கியாச்சு, முன்னும் பின்னும் மட்டும் வெளி வட்டம் 6 மீட்டர் உள் வட்டம் 3 மீட்டர். ஆபீஸ், கேன்டீன் வாசல், சார்ஜிங் ரூம்ல ஒரு சின்ன பாக்ஸ் மாட்டினாங்க, அதுக்குள்ள போனா டேக் தானா சைலன்ட் ஆயிடும். இந்த செட்டிங் வேலைக்கு தனியா காசு கேட்டாங்க, கொட்டேஷன்லயே போட்டு வாங்கிருங்க, நாங்க ஏமாந்தோம்.

ஏன் 6 மீட்டர்னா, 10 கி.மீ. ஸ்பீடு கேக்க கம்மியா இருக்கும், ஆனா செகண்டுக்கு கிட்டத்தட்ட 2.8 மீட்டர். சத்தம் கேட்டு, என்னன்னு புரிஞ்சு, கால எடுத்து பிரேக்க மிதிக்கறதுக்குள்ள வண்டி மூணு மீட்டர் போயிருக்கும், நிக்கறதுக்கு வேணும்ல இன்னும் இடம்.

எனக்கு பிடிச்ச ஒரே விஷயம் ஆட்டோ ஸ்லோ. வெளி வட்டத்துல ஆளு வந்தா வண்டி தானா நடக்கற ஸ்பீடுக்கு இறங்கிடும், ஆபரேட்டர் எவ்ளோ மிதிச்சாலும் போகாது. சத்தத்துக்கு காது பழகிடும், இதுக்கு பழகவே முடியாது. சடன் பிரேக் வேணாம்னு நாங்களே சொல்லிட்டோம், ஃபோர்க்லிஃப்ட் ஒரு சீசா மாதிரி, முன் சக்கரம்தான் நடு, லோடு மேல தூக்கியிருக்கறப்ப டக்குன்னு நிறுத்தினா பேலட் முன்னாடி சரிஞ்சு எவன் மேல விழும்னு தெரியாது. இத இணைக்கும்போது வண்டி கம்பெனிக்காரங்க ஆக்சிலரேட்டர் வயர்ல கை வச்சா வாரண்டி கிடையாதுன்னு ஒரு பிரச்சனை கெளப்பினாங்க, எழுத்துல பர்மிஷன் வாங்கவே ஒன்றரை மாசம் ஆச்சு.

டேக் கதை தனி. பசங்க பேன்ட் பின் பாக்கெட்ல போட்டுட்டு சுத்துவாங்க, மனுஷ உடம்பு பூரா தண்ணி, இந்த சிக்னல உடம்பு தடுத்திடும், அதனால வண்டி முன்னாடி இருந்து வர்றப்ப தூரம் தப்பா காட்டும், சில சமயம் புடிக்கவே புடிக்காது. இப்போ ஹெல்மெட் பின்னாடி கிளிப் பண்ணியாச்சு. சார்ஜ் போட மறந்தா டேக் செத்துப் போகும், ஆளு டேக் இருக்குன்னு தைரியமா குறுக்க நடப்பான், இது டேக் இல்லாதத விட மோசம். இப்ப ஷிஃப்ட் ஆரம்பத்துல நடக்கற சின்ன பாதுகாப்பு மீட்டிங்ல எல்லாரும் வரிசையா ஒரு வண்டி முன்னாடி நடந்து போகணும், யாருக்கு கத்தலையோ அவனுக்கு வேற டேக். அஞ்சு நிமிஷம்கூட ஆகாது.

பெரிய ஓட்டை எங்கன்னா டாக்ல. லாரி டிரைவர், கிளீனர், வெளிய இருந்து வர்ற லோடுமேன் யாருகிட்டயும் டேக் கெடையாது, கேட்ல கொடுத்துப் பாத்தோம், வாரத்துக்கு ரெண்டு டேக் திண்டுக்கல், ஓசூர்னு லாரியோட ஊருக்கு போயிடுச்சு. அதனால போன வருஷம் டாக்ல ஓடுற 2 வண்டிக்கு மட்டும் ஏஐ கேமரா போட்டோம், டேக் இல்லாமலே மனுஷன அடையாளம் கண்டுபிடிக்கும். நிக்கிறவன நல்லா புடிக்குது, குனிஞ்சு பேலட் அடியில ஸ்ட்ராப் கட்டிட்டு இருக்கறவன பல தடவ விட்டுடுது. லென்ஸ்ல தூசி படிஞ்சா போச்சு, தினமும் துணி வச்சு துடைக்கணும், அத சட்டைல துடைச்சு கீறல் போட்ட மகானும் எங்ககிட்ட இருக்காரு.

ரெண்டுமே சரியா கவனிக்காத ஒன்னு, பின்பக்கம் வீசுறது. ஃபோர்க்லிஃப்ட்ல திரும்பறது பின் சக்கரம், ஸ்டியரிங் ஒடிச்சா வால் பக்கம் வெளிய வீசும், ஒட்டி நிக்கிறவன் ஏற்கனவே உள் வட்டத்துக்குள்ளதான் இருப்பான், வண்டி மெதுவாத்தான் போயிட்டு இருக்கும், சிஸ்டம் அதுக்கு மேல என்ன பண்ணும். இதுக்கு தரையில மஞ்சக் கோடு போட்டு, திரும்பற இடத்துல இரும்பு ரெயிலிங் வச்சோம், மொத்த சிஸ்டத்துலயும் கம்மி செலவு அதுதான்.

வாங்கறதா இருந்தா டெமோவ அவங்க ஷோரூம்ல பாக்காதீங்க, உங்க குடோனுக்கு வரச் சொல்லுங்க, ரேக்கு ஃபுல்லா சரக்கு இருக்கற மாசக் கடைசில, சாயங்காலம் நாலு மணிக்கு மேல, மேற்குப் பாத்த ஷட்டர் இருந்தா அதத் தொறந்து வச்சு, உங்க ஆபரேட்டரையே ஓட்டச் சொல்லுங்க. சேல்ஸ் தம்பிய பேலட் பக்கத்துல குனிஞ்சு உக்காரச் சொல்லிப் பாருங்க, எங்ககிட்ட வந்தவரு உக்காரவே மாட்டேன்னுட்டாரு.