எட்டு இஞ்ச் குளோப் வாங்கலாமா? செங்கோட்டைக்காரனோட ரிவ்யூ

ஆறு, ஏழு, எட்டாங்கிளாஸ் படிக்கிற பிள்ளைங்க வீட்ல இருந்தா தாராளமா வாங்கலாம், ஆனா ஆன்லைன்ல போடாதீங்க, கடைக்கு போயி கையில சுத்திப் பாத்துட்டு வாங்குங்க.

நான் வாங்குனது 20 சென்டிமீட்டர் குளோப், தென்காசியில ஒரு ஸ்டேஷனரி கடையில, 600 ரூவா. சைடுல டிகிரி நம்பர் போட்ட அரைவட்ட வளையம் இருக்கு, அச்சு 23½ டிகிரி சாஞ்சு நிக்குது. கடைக்கார அண்ணாச்சி "தம்பி, லைட் எரியிறத பாருங்க, ராத்திரி சூப்பரா இருக்கும்"னு வேற ஒண்ண எடுத்துக் காட்டுனாரு. அதுல வளையத்துல நம்பரே இல்ல, அது ஷோகேஸுக்குத்தான் ஆகும்.

கொறைய மொதல்ல சொல்லிடுறேன். நிலநடுக்கோட்டுலதான ரெண்டு பாதியையும் ஒட்டுறாங்க, அந்த ஒட்டுல வடக்க இருந்து வர்ற 75 டிகிரி தீர்க்கக்கோடு (வடக்கு தெக்கா ஓடுற கோடு) தெக்க இருக்குற 75ஓட சேராம ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி நிக்குது. ரெண்டு மில்லிமீட்டர்தானேன்னு நெனைக்காதீங்க, இந்த சைஸுக்கு அது 125 கிலோமீட்டருக்கு மேல. இன்னும் ரெண்டு பெட்டிய பிரிச்சுப் பாத்தோம், அதுங்க இத விட மோசம், அதனால உள்ளதுல தேவலன்னு இத எடுத்தாச்சு. தமிழ்ல ஒரு எழுத்து கெடையாது, எங்க ஊரு செங்கோட்டையும் கெடையாது, பேனாவால நாங்களே ஒரு புள்ளி வச்சோம்.

அந்தப் புள்ளி வச்சதுக்கப்புறம்தான் காசுக்கு அர்த்தம் வந்துச்சு. நம்ம ஊரு ஏறக்கொறைய வடக்கு 9 டிகிரி, கிழக்கு 77¼ டிகிரி. புள்ளியில வெரல வச்சு தீர்க்கக்கோட்டு பக்கமாவே நேரா மேல போனா டெல்லி, அதுவும் 77¼ கிட்டத்தான். நூல் வச்சு அளந்தா மூணரை சென்டிமீட்டர் வரல, 1 சென்டிமீட்டருக்கு 640 கிலோமீட்டர்னு கணக்கு போட்டா 2,200 கிட்ட வருது. அட்சக்கோட்டோட மேற்க போனா கொல்லம், அது குளோப்ல ஒரு மில்லிமீட்டர்தான், அதத் தாண்டி கடல், அப்புறம் ஆப்பிரிக்காவுல அடிஸ் அபாபா, இன்னும் சுத்துனா பனாமா சிட்டி, எல்லாமே 9 டிகிரி பக்கம்! பாப்பா "ஏப்பா, பனாமாவும் நம்ம லைன்தானா"ன்னு கேட்டா, புக்குல இந்தக் கேள்வி அவளுக்கு வரவே இல்ல.

அட்சக்கோடு கிழக்கு மேற்கா ஓடுது, ஆனா அதோட டிகிரிய அளக்குறது வடக்கு தெக்கா, பிள்ளைங்க கொழம்புறது இந்த எடத்துலதான். கொல்லம் ரயில்ல போறவங்க மொபைல் மேப்ப தொறந்து, இருக்குற எடத்தோட அட்சம், தீர்க்கம்னு வர்ற ரெண்டு நம்பரயும் காட்டுங்க, ஆரியங்காவு தாண்டி புனலூர் வரைக்கும் அவ்வளவு மலை ஏறி எறங்குனாலும் மொத நம்பர் 9 பக்கத்துலயே நிக்கும், ரெண்டாவது நம்பர்தான் 77.2ல இருந்து 76.9க்கு கொறையும்.

டைம் கணக்கும் இதுலயே வந்துடும். பூமி 15 டிகிரி சுத்த ஒரு மணி நேரம், அப்போ ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். இந்தியா நேரம் 82½ டிகிரியோடது, காக்கிநாடா பக்கமா போற கோடு. நமக்கும் அதுக்கும் 5¼ டிகிரி, ஆக 21 நிமிஷம், அதான் இங்க சூரியன் உச்சிக்கு வர சராசரியா 12:21 ஆயிடுது. இத ஸ்கூல்ல ஃபார்முலாவா எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்றாங்க, என்னத்த சொல்ல.

30 சென்டிமீட்டர் கெடச்சா அதயே வாங்குங்க, ஒரு டிகிரி ரெண்டரை மில்லிமீட்டருக்கு மேல வரும், கண்ணுக்கு சொகம், ஆனா டேபிள்ல பாதிய அடச்சிக்கும். எதுவா இருந்தாலும் பில்லு போடுறதுக்கு முன்னாடி அந்த ஒட்ட ஒரு சுத்து சுத்திப் பாருங்க. வளையத்து திருகு லூசாகும், அப்பப்போ முறுக்கணும். அஞ்சுக்கு மூணரை ஸ்டார்.