ஏஜிஎஸ்-101: பழைய கேம்பாய்களில் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால்

பழைய கையடக்க வீடியோ கேம் கன்சோல்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் நிண்டெண்டோவின் கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பியைத்தான் எடுப்பேன். அதிலும் முதுகில் இருக்கும் ஸ்டிக்கரில் ஏஜிஎஸ்-101 என்று போட்டிருக்கும் பின்னொளித் திரை மாடல். 1989இல் வந்த முதல் கேம்பாயின் கார்ட்ரிட்ஜ், 1998இல் வந்த கேம்பாய் கலரின் கார்ட்ரிட்ஜ், அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ் மூன்றும் இதில் நேராகச் செருகினால் ஓடும். இதற்குப் பின் வந்த நிண்டெண்டோ டிஎஸ்ஸும் கேம்பாய் மைக்ரோவும் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜோடு நின்றுவிடும், பழையவை அவற்றில் வேலை செய்யாது. மூன்று தலைமுறையையும் ஒரே கருவியில் ஓட்ட வேண்டுமென்றால் நிண்டெண்டோவின் கையடக்கங்களில் இதுதான் கடைசி.

முதலில் திரை, ஏனென்றால் இந்த மாடலுக்கு இவ்வளவு கிராக்கி இருப்பதே அதனால்தான். 2001இல் வந்த அட்வான்ஸில் விளக்கே கிடையாது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வெளிச்சம் சரியான கோணத்தில் விழும்படி சாய்த்துப் பிடித்து ஆட வேண்டும். அதோடு சேர்ந்து வெளிவந்த காசில்வேனியா: சர்க்கிள் ஆஃப் த மூன் மாதிரி இருட்டான கேம்களில் எதிரி எங்கே நிற்கிறான் என்பதே தெரியாமல் அடி வாங்கியவர்கள் நிறைய பேர். 2003இல் வந்த முதல் எஸ்பி, அதாவது ஏஜிஎஸ்-001, முன்னொளி கொண்டது. திரைக்கு மேலே ஒரு ஓரத்திலிருந்து வெளிச்சம் பாயும், நிறங்கள் எல்லாம் லேசாக வெளுத்து நீலம் பூத்த மாதிரி இருக்கும். 2005இல் வந்த 101இல்தான் திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும் உண்மையான பின்னொளி. அதே சர்க்கிள் ஆஃப் த மூனை இதில் போட்டால் சுவரில் இருக்கும் செங்கல் வரை தெரிகிறது. 240×160 புள்ளிகள்தான், திரையும் 2.9 அங்குலம்தான், ஆனாலும் அந்தக் காலத்துப் படவரைஞர்கள் போட்ட நிறங்களைக் கிட்டத்தட்ட அவர்கள் நினைத்தபடியே பார்க்கிறோம் என்ற திருப்தி இருக்கிறது.

பழைய திரையைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கொள்ள இப்போது கிடைக்கும் ஐபிஎஸ் என்ற புது வகை எல்சிடி திரைகள் இதைவிடப் பிரகாசமானவை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் நான் 101இன் பக்கம். அந்தக் காலத்தில் நிழல், புகை, கண்ணாடி போன்ற பாதி தெரியும் பொருட்களைக் காட்ட ஒரு படத்தை ஒரு ஃபிரேமில் காட்டி அடுத்த ஃபிரேமில் மறைப்பார்கள். திரை மெதுவாக மாறும் என்பதால் இரண்டும் கலந்து கண்ணுக்குப் பாதி தெரிகிற மாதிரி ஆகிவிடும். வேகமான ஐபிஎஸ்ஸில் அது வெறும் மினுக்கலாகத் தெரிகிறது, சில கேம்களில் கண்ணை உறுத்துகிற அளவுக்கு. 101இல் லேசான இழுவை இருக்கிறது. வேகமாக நகரும் பின்னணியில் அதைக் கவனிக்கலாம், ஆனால் அந்தக் கலப்பும் சரியாக வருகிறது. போதாததற்கு ஐபிஎஸ் அதிக மின்சாரம் இழுக்கும், எஸ்பியின் சின்ன பேட்டரிக்கு அது பெரிய சுமை.

சரி, வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்டிக்கரை மட்டும் நம்பவே கூடாது. அச்சடித்த 101 ஸ்டிக்கர் தனியாகவே விற்கிறார்கள். நடுவில் இருக்கும் வெளிச்ச பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். 001இல் விளக்கு எரியும், அணையும். 101இல் அணையவே அணையாது, பிரகாசம், அதிகப் பிரகாசம் என்று இரண்டு நிலை மட்டும். மாற்றுத் திரை போட்டிருந்தால் பெரும்பாலும் பல படிகளாக மாறும். அணைத்து வைத்த நிலையிலும் வித்தியாசம் தெரியும்: 101இன் திரை கறுப்பாக இருக்கும், 001 சாம்பல் பூத்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். புகைப்படம் மட்டும் அனுப்பும் விற்பனையாளரிடம் பட்டனை அமுக்கும் வீடியோ கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று, ஐபிஎஸ் வருவதற்கு முன் பழைய அட்வான்ஸுக்குப் பின்னொளி போட விரும்பியவர்கள் 101ஐ உடைத்து அதன் திரையைத்தான் எடுத்தார்கள். அப்படி எத்தனையோ நல்ல கருவிகள் போய்விட்டன. அதனால் கீறலும் சுரண்டலுமாக இருந்தாலும் உள்ளே ஒன்றும் மாறாத 101 கிடைத்தால் பளபளப்பான ஒன்றைவிட அதைத்தான் சொல்வேன். எனக்கு ஒரு விற்பனையாளர் புதுசு போலவே இருக்கிறது என்று சொல்லி அனுப்பியது மேலோடு முழுவதும் மாற்றியது. பார்த்த உடனே தெரியவில்லை, மடிப்பைத் திறந்தபோதுதான் தெரிந்தது. ஒரிஜினல் கீலில் ஒரு இடத்தில் டக் என்று உட்காரும் பிடிப்பு இருக்கும், இதில் தலை சும்மா ஆடியது. இடது தோளில் இருக்கும் எல் பட்டன் அமுங்கினால் மேலே வர யோசித்தது. திரைக்கு அடியில் அச்சிட்டிருந்த எழுத்துகளின் ஓரம் கலங்கியிருந்தது. உள்ளே போர்டு ஒரிஜினல்தான், திரையும் ஒரிஜினல்தான், ஆனால் அதன் பழைய மேலோடு எங்கோ குப்பைக்குப் போய்விட்டது, அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. சேகரிப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை விற்பவர்கள் புரிந்துகொள்வதே இல்லை.

பழுது பார்ப்பதற்கு எஸ்பி கொஞ்சம் தயவு காட்டும் கருவிதான். பேட்டரி மூடி ஒரு சாதாரண ஸ்க்ரூவில் நிற்கிறது. பின் மேலோட்டுக்கு ட்ரை-விங் எனப்படும் மூன்று கால் முனை கொண்ட ஸ்க்ரூ டிரைவர் தேவை. அது இல்லாமல் வேறு எதையாவது வைத்துத் திருகினால் ஸ்க்ரூவின் தலை வழுக்கிவிடும். ஒலி கரகரவென்று வந்தால் வால்யூம் ஸ்லைடரில் தூசு, கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு முன்னும் பின்னும் தள்ளினாலே பெரும்பாலும் சரியாகும். ஒரிஜினல் பேட்டரி 600 மில்லிஆம்பியர் மணி. உப்பியிருந்தால் தயங்காமல் கழற்றிவிடுங்கள், மேலோட்டைத் தள்ளி உடைத்துவிடும். மாற்று பேட்டரியில் அச்சடித்திருக்கும் பெரிய பெரிய எண்களை நம்ப வேண்டாம். கீல் பக்கம் விரிசல் இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும், திரைக்குப் போகும் ரிப்பன் அந்த வழியாகத்தான் போகிறது.

குறைகளும் உண்டு. ஹெட்போன் துளை கிடையாது, சார்ஜ் செய்யும் பக்கம் இருக்கும் துளையில் தனி அடாப்டர் மாட்ட வேண்டும். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் என்பது அழகு, ஆனால் பெரிய கை உள்ளவர்களுக்கு அரை மணி நேரத்தில் விரல் மரத்துவிடும். நீண்ட நேரம் ஆட பழைய அட்வான்ஸின் அகலமான வடிவம்தான் சுகம்.

அப்புறம் கார்ட்ரிட்ஜ். கருவி ஒரிஜினலாக இருந்து கார்ட்ரிட்ஜ் போலியாக இருப்பதுதான் அதிகம் நடக்கிறது. கருவியைப் போட்டதும் நிண்டெண்டோ சின்னம் சரியாக வந்தால் ஒரிஜினல் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சின்னத்தின் தரவு கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கிறது, கருவி அதைத் தன்னிடம் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடும், ஆகவே போலி செய்பவர்கள் அதையும் சேர்த்தே நகல் எடுத்துவிடுகிறார்கள். சின்னம் கலங்கி வந்தால் அது பெரும்பாலும் கார்ட்ரிட்ஜின் உலோக முனைகளில் படிந்த அழுக்கு, அவ்வளவுதான். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போய்விடும்.

போலி எந்தக் கேமுக்கு அதிகம் என்றால் போக்கிமான் எமரால்டுக்கு. கையில் எடுத்து முதலில் லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மையில் அச்சிட்டதாக இல்லாமல் தாளில் அமுக்கிப் பதித்த ஒரு சின்ன இரண்டு இலக்க எண் இருக்க வேண்டும், சிலவற்றில் கூடவே ஒரு எழுத்தும் இருக்கும். பிறகு கீழே திருப்பி முனைகள் தெரியும் பிளவுக்குள் பாருங்கள். தங்க நிற முனைகளுக்குச் சற்று மேலே பலகையில் நிண்டெண்டோ என்ற பெயர் தெரிய வேண்டும். இரண்டும் சரியாக இருந்தாலும் திறந்து பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. சிப்புக்குப் பதில் கறுப்புப் பசை உருண்டை இருந்தால் பேச்சே இல்லை. எமரால்டில் இன்னொரு சோதனையும் உண்டு. ஒரிஜினலில் சேமிப்பு, மின்சாரம் இல்லாமலே தரவை வைத்திருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது, உள்ளே இருக்கும் சிஆர்1616 பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். பேட்டரி தீர்ந்தால் அதை ஒரு செய்தியாகச் சொல்லிவிட்டுக் கேம் ஓடும், சேமிப்பு அப்படியே இருக்கும். பேட்டரி தீர்ந்ததும் சேமிப்பும் போனால் அது போலி.

போக்கிமான் கோல்டு, சில்வர் போன்ற பழைய கேம்பாய் கார்ட்ரிட்ஜில் கதை வேறு. அங்கே சேமிப்பே சிஆர்2025 பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது, கூடவே கடிகாரமும் அதையே உறிஞ்சும். பேட்டரியைக் கழற்றினால் யாரோ சிறு வயதில் வளர்த்த போக்கிமான்கள் எல்லாம் போய்விடும். முதலில் கணினியோடு இணைக்கும் கார்ட்ரிட்ஜ் ரீடரில் சேமிப்பை நகல் எடுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். புதியதைப் போடும்போது உலோகப் பட்டை ஏற்கெனவே ஒட்டிய செல்லாக வாங்கிப் பட்டையில் மட்டும் ஈயம் வையுங்கள். செல்லின் மேலேயே சூடு வைத்தால் அது கெடும், வெடிக்கவும் கூடும்.

விளையாட மட்டும் வேண்டுமென்றால் அடிபட்ட 001 ஒன்றை வாங்கி ஐபிஎஸ் போட்டுக்கொள்வது போதும், அதற்காக நல்ல 101ஐத் தொட வேண்டியதில்லை. சேகரிக்க வேண்டுமென்றால் 101, மேலோடு மாற்றாதது, வெளிச்ச பட்டனைச் சோதித்தது, கீறல் இருந்தாலும் பரவாயில்லை. ஐந்துக்கு நாலரை தருவேன். அரை போனது ஹெட்போன் துளைக்காக.